குளக்கரையில் பறவைப் படம்: நீர்க்காகத்திலிருந்து தொடங்குங்கள்

கோவைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பறவை பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டாம்; நொய்யல் தண்ணீர் நிரப்பும் குளங்கள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. உக்கடம் பெரியகுளமோ சிங்காநல்லூர் குளமோ, எது பக்கமோ அங்கே போங்கள்.

முதல் நாள் நான் கேமராவை மாட்டிக்கொண்டு கரை முழுக்க நடந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் 300 படம். பாதிக்கு மேல் பறந்து போகும் பறவையின் பின்பக்கம்! அதனால் நடையைக் குறைத்துக்கொள்வதுதான் முதல் பாடம்.

1. நேரமும் கரையும்

காலை 6 முதல் 8 வரை போதும். கிழக்குக் கரையில் இருந்தால் வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் முகத்தில் வெளிச்சம் இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகளும் சேர்ந்துகொள்ளும்.

2. உட்காருங்கள்

பளிச்சென்ற சட்டை வேண்டாம். கரையோரம் உட்கார்ந்து 20 நிமிடம் கேமராவைத் தொடாமல் பாருங்கள். நீங்கள் வந்ததும் நாணலுக்குள் போன தாழைக்கோழி மெல்லத் தலை நீட்டும். முக்குளிப்பான் ஓரிடத்தில் மூழ்கி வேறெங்கோ எழும். உட்கார்ந்தால் இன்னொரு லாபம், கேமரா பறவையின் கண் மட்டத்துக்குக் கிட்டே வந்துவிடும்.

3. நீர்க்காகம்

எல்லோரும் மீன்கொத்தியைத்தான் துரத்துகிறார்கள். என்னைக் கேட்டால் நீர்க்காகம்தான் நல்ல வாத்தியார். வாத்து இறகைப் போல அதன் இறகில் தண்ணீர் ஒட்டாமல் வழிந்து போகாது, ஊறிவிடும். அதனால் மீன் பிடித்து முடித்ததும் பட்ட மரத்திலோ கல்லிலோ ஏறி, துணி காயப்போட்ட மாதிரி இரண்டு சிறகையும் விரித்து நிற்கும். உங்களுக்குச் சில நிமிடங்கள் கிடைக்கும்.

ஷட்டர் வேகம் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில், ஃபோகஸ் புள்ளி பறவையின் கண்ணில். ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பறவை வெறும் கறுப்பு நிழலாக விழுந்திருக்கும். பின்னால் மின்னும் தண்ணீரைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது, அவ்வளவுதான். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1 வரை ஏற்றுங்கள். இறகின் விளிம்புகளும் கண்ணும் தெரிய ஆரம்பிக்கும்.

சிறகை மடக்கி, கழுத்தை நீட்டி உங்களையே பார்க்கிறதா? நீங்கள் கிட்டே போய்விட்டீர்கள். இரண்டடி பின்வாங்குங்கள்.

4. வெள்ளைக் கொக்கு

இப்போது கணக்கு தலைகீழ். இருண்ட நாணலுக்கு முன்னால் நிற்கும் கொக்கு, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப் போகும். −1 பக்கம் இறக்குங்கள்.

5. அப்புறம் மீன்கொத்தி

வெண்மார்பு மீன்கொத்தி பாய்ந்துவிட்டுப் பெரும்பாலும் அதே கிளைக்குத் திரும்பும். அதன் பின்னால் ஓடாதீர்கள், கிளையில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். கருப்பு வெள்ளை மீன்கொத்தி பாயும் முன் அந்தரத்தில் நின்று படபடக்கும். பறக்கும் படம் பழக அதுதான் சரி, ஷட்டர் மட்டும் 1/2000-க்கு மேல்.

கேமரா இல்லையா? 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) பைனாகுலரின் கண்பகுதியில் போன் கேமராவை ஒட்டிப் பிடியுங்கள். கை ஆடும், ஆனால் பறவையை அடையாளம் காணும் அளவுக்குப் படம் வரும்.

பொரி போட்டுக் கூப்பிடுவது, போனில் பறவைக் குரலை ஓடவிடுவது, கூட்டுக்குப் பக்கத்தில் போவது மூன்றும் வேண்டாம்.

6. வீட்டுக்கு வந்ததும்

பார்த்த பறவைகளை ஈ-பேர்டு செயலியில் பதிவு செய்யுங்கள். பெயர் தெரியாத பறவையை மெர்லின் செயலியில் படத்தைக் கொடுத்துக் கேட்கலாம். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். 15 நிமிடம் பார்த்து எழுதிய பட்டியலும் அதில் சேரும். அன்றைக்கும் அந்த நீர்க்காகம் சிறகை விரித்துக்கொண்டு நிற்கும், மறக்காமல் எண்ணிவிடுங்கள்.