தார் பாலைக்குப் போகிறவர்கள் பறவைகளுக்குச் செய்யக்கூடியவை

ஜெய்சால்மர் பக்கம் பறவை ஆய்வுப் பணியில் இருக்கிறேன். குளிர்காலம் நெருங்கினாலே ஊரிலிருந்து அழைப்பு வரும்: "பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிறோம் அக்கா, மரக்கன்று நடலாமா?" அந்த நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் என் பதில் ஒன்றுதான்: நட வேண்டாம்.

இந்த நிலத்துக்கு உயிர் சேவண் புல். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர்கூடப் பெய்யாத மழையில் தூர் கட்டி வளர்ந்து, மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். இங்கே 'கோடாவண்' என்று அழைக்கும் கானமயில் என்னும் பெரிய தரைப்பறவை அந்தப் புல்வெளியில்தான் வெட்டுக்கிளியும் ஓணானும் தேடித் தின்னும். வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். பக்கத்தில் உயரமான மரம் வந்தால் காகமும் வேட்டைப் பறவையும் அதில் உட்கார்ந்து அந்த முட்டையை நோட்டம் விடும். உலகில் மிஞ்சியிருக்கும் கானமயில்கள் ஏறத்தாழ 150தான். ஒரு முட்டை போனாலும் பெரிய இழப்பு. பாலையைப் பசுமையாக்குவோம் என்று யார் கிளம்பினாலும், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். கையும் காலும் துறுதுறுவென்றால், ஊர்க்காரர்களைக் கேட்டுவிட்டுப் புல்வெளிக்குள் நுழைந்துவிட்ட சீமைக்கருவேலங்கன்றுகளை வேரோடு பிடுங்குங்கள். அதன் காயைத் தின்ற ஆடுமாடுகள் போகிற இடமெல்லாம் விதை போகிறது.

தண்ணீர்த் தொட்டி கட்டுவதும் அப்படித்தான். தண்ணீர் இருந்தால் தெருநாய் வரும். நாய் வந்தால் தரையில் கூடு கட்டும் பறவைக்கு இடமில்லை. இருக்கிற குட்டைகளைக் காப்பாற்றினால் போதும். 'நாடி' என்பார்கள். காலையில் கல்கௌதாரிகள் கூட்டமாக வந்து இறங்கும் நேரத்தில் கரையை விட்டு நன்றாகத் தள்ளி உட்காருங்கள். தொலைநோக்கியில் பாருங்கள்: குஞ்சு வைத்திருக்கும் ஆண் பறவை தண்ணீருக்குள் இறங்கி, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி, வயிற்று இறகை நனைத்துக்கொள்ளும். அந்த இறகு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெகுதூரம் பறந்துபோய் நிற்கும், குஞ்சுகள் இறகைச் சப்பிக் குடிக்கும். படம் எடுக்க நீங்கள் நாலடி முன்னால் நகர்ந்தால் கூட்டம் மொத்தமும் எழும்பிவிடும். அன்றைக்குக் குஞ்சுக்குத் தண்ணீர் இல்லை.

உருப்படியாக ஒரு வேலை வேண்டுமென்றால், மின்கம்பி வழியே நடந்து கணக்கெடுக்கும் குழுக்களோடு சேருங்கள். கானமயிலுக்குக் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது. நேர் எதிரே பார்வை குறுகல், உடம்போ கனம். கம்பி தெரியும்போது விலக நேரம் இருக்காது. தார் பகுதியில் 4,200 சதுர கிலோமீட்டரில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 84,000 பறவைகள் மின்கம்பிகளால் சாகின்றன என்று இந்திய வனவிலங்கு நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021இல் ஆணையிட்டது. 2024இல் அதைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது. எந்தக் கம்பி கொல்கிறது என்பதற்குச் சான்று சேர்ப்பது இப்போதும் அவசியம்.

விடிந்ததும் கிளம்புங்கள், நாயும் நரியும் முந்திக்கொண்டால் இறகுதான் மிஞ்சும். கம்பிக்கு நேர் கீழே மட்டும் பார்க்காமல், இருபுறமும் வளைந்து வளைந்து நடங்கள். அடிபட்ட பறவை சற்றுத் தள்ளியும் விழும். கண்டால் தொடாதீர்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம், இருப்பிடக் குறியீடு, கோபுரத்திலோ கம்பத்திலோ எழுதியிருக்கும் எண், இவ்வளவும் வேண்டும். எண் இல்லாத தகவலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கம்பத்தடியில் கிடந்து, இறகோ காலோ கருகியிருந்தால் பெரும்பாலும் மின்சாரம் தாக்கியது. கம்பத்துக்குக் கம்பம் நடுவில் இறக்கை முறிந்து கிடந்தால் பெரும்பாலும் மோதல். அதையும் எழுதி வனத்துறைக்குச் சொல்லுங்கள். பறவை கண்டு விலகுவதற்காகக் கம்பியில் மாட்டிய மின்னும் தகடுகளையும் பாருங்கள். விழுந்தது, சுழலாமல் நின்றது எல்லாம் குறிப்பில் வர வேண்டும். சூரிய மின்நிலையங்களில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பொறியாளர்களுக்கு இது இன்னும் எளிது. நீங்கள் அந்தக் கம்பியடியில்தானே தினமும் போகிறீர்கள்?

வரைபடம் போடத் தெரிந்தவர்களுக்கு ஓரண்களில் வேலை இருக்கிறது. நம்மூர்க் கோவில்காடு போலத் தெய்வத்துக்கு விட்ட நிலம். கிளையைக்கூட வெட்ட மாட்டார்கள். தேக்ராய் ஓரண் போன்ற இடங்களில் புல்லும் குட்டையும் பறவையும் ஒன்றாகப் பிழைத்திருக்கின்றன. ஆனால் பல ஓரண்கள் அரசுப் பதிவேட்டில் வெறும் தரிசு. அப்படியே மின்திட்டங்களுக்குக் கைமாறிவிடுகின்றன. மேய்ப்பர்களோடு எல்லை நெடுக நடந்து, அவர்கள் காட்டும் கல்லையும் மரத்தையும் குறித்து வரைபடமாக்கிக் கொடுங்கள். அவர்கள் மனு கொடுக்கும்போது கையில் அது இருக்க வேண்டும்.

சுற்றுலாவுக்கு மட்டும் வருகிறவர்கள், ஜெய்சால்மர் பக்கத்துச் 'சம்' மணல்மேட்டில் ஜீப்பைத் தடம் விட்டு ஓட்டச் சொல்லாதீர்கள். கோடையிலும் மழைக்காலத்திலும் அந்தப் புல்லுக்குள் முட்டை இருக்கும். மிச்சச் சோற்றை வெளியே கொட்டாமல் திரும்ப எடுத்துவாருங்கள்.

கால்நடை மருத்துவர்கள் யாராவது வந்தால், மேய்ப்பர்களிடம் வலிமருந்து பற்றிப் பேசுங்கள். டைக்ளோஃபெனாக் 2006இலும், கீட்டோப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் 2023இலும் கால்நடைக்குத் தடை செய்யப்பட்டன. ஆனாலும் மனிதருக்கான டைக்ளோஃபெனாக் மருந்துக்கடையில் கிடைக்கிறது, மாட்டுக்கும் போடப்படுகிறது. அந்த மாடு செத்தால், அதைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். மெலோக்சிகாம் போடச் சொல்லுங்கள், செத்த கால்நடைகளைக் கொண்டுபோய்ப் போடும் பிகானேர் ஜோர்பீருக்குக் குளிர்காலத்தில் வரும் பாறுகளுக்கு அதனால் ஆபத்தில்லை.