டர்போ சூட்டிலிருந்து பானெட்டைக் காப்பாற்ற

பானெட்டில் ஒரே இடத்தில் மட்டும் பெயின்ட் மங்கி, உள்பக்க லைனர் தொட்டால் உதிர்கிறதா? நேர் கீழே டர்போ (எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று என்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் பாகம்) இருக்கும், பாருங்கள். பெட்ரோல் வண்டியை அழுத்தி ஓட்டும்போது அதன் எக்ஸாஸ்ட் பக்கம் 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும். முதலில் வண்டியோடு வந்த தகட்டுக் கவசம் இருக்கிறதா என்று பாருங்கள், என் வண்டியில் அதைக் கழற்றிய மெக்கானிக் திரும்ப மாட்டவே இல்லை. அதுவும் போதாவிட்டால் டர்போவின் எக்ஸாஸ்ட் ஹவுசிங்குக்கு (புகை போகும் பக்கத்துக் கூடு) மட்டும் டர்போ பிளாங்கெட் (சூடு தாங்கும் உறை) போடுங்கள். ஆயில் கசிவு இருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான், ஆயில் ஊறிய பிளாங்கெட் தீப்பிடிக்கும். பக்கத்து ஒயர், ஹோஸ்களுக்கு அலுமினிய ஸ்லீவ். பானெட் உள்பக்கம் ஃபாயில் ஷீட் ஒட்டுவதாக இருந்தால், என்ஜின் ஆறிய பிறகு கிரீஸ் போகத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், இல்லையென்றால் ஒருநாள் தொங்கி டர்போ மேலேயே விழும். அப்புறம், மலையேறி வந்ததும் உடனே ஆஃப் செய்யாமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள்.