புதுச் சரக்கை முதலில் யார் கையில் கொடுப்பது?

இலவச சாம்பிளைப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கொடுத்துத் தீர்க்க வேண்டாம். ஊர்ப் பெரியவர்களைத் தேடியும் அலைய வேண்டாம். கர்நாடகத்தில் 213 கிராமங்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பரப்ப வேண்டிய சேதி ஒரு பரிசுக் குலுக்கல்; அதில் சேர ஒரு மிஸ்டு கால் போதும். சேதியைச் சில ஊர்களில் யாரோ சிலரிடமும், சில ஊர்களில் பெரியவர்களிடமும், மற்ற ஊர்களில் ‘சேதி பரப்ப இவர்தான்’ என்று ஊராரே கைகாட்டியவர்களிடமும் சொன்னார்கள். மூன்றாவது வகை ஊர்களில்தான் அழைப்புகள் கூடின. பெரியவர்களால் தனிப்பலன் இல்லை.

ஆகவே பகுதி முழுக்கப் பரவலாக 20 வீடுகளில், “ஒரு சேதி எல்லார் காதுக்கும் போகணும்னா யார்கிட்ட சொல்லணும்?” என்று கேளுங்கள். இரண்டு தடவைக்கு மேல் அடிபடும் பெயர்களுக்கே சாம்பிள். “நெருங்கிய சிநேகிதர் யார்?” என்று மாற்றிக் கேட்டால் பிசகும், பக்கத்து வீட்டுப் பெயரும் மச்சான் பெயருமே வரும்.

அடுத்தது, பலர் கோட்டை விடும் இடம். காதில் விழுந்தாலே போதுமான சரக்கா, பழக்கத்தை மாற்ற வேண்டிய சரக்கா? தள்ளுபடிச் சேதி முதல் வகை; ஒருவர் சொன்னாலே பரவும், ஆட்களைத் தெருவுக்கு ஒருவராகப் பிரித்துப் போடலாம். கேஸ் அடுப்பிலிருந்து இண்டக்‌ஷனுக்கு மாறுவது இரண்டாம் வகை. தெரிந்தவர்களில் இரண்டு மூன்று பேர் வாங்கிய பிறகே நான்காமவர் அசைவார். இங்கே ஆட்களைச் சிதறவிட்டால் ஒவ்வொருவரும் தனியாக நின்று ஓய்ந்துபோவார்கள். ஒரே தெருவில் ஒருவரையொருவர் அறிந்த ஐந்து பேருக்குக் கொடுங்கள். பழக்கங்கள் நெருக்கமான வட்டங்களில்தான் வேகமாகப் பரவுகின்றன என்பதைச் சமூகவியலாளர் டேமன் சென்டோலா 2010இல் சோதனையாகவே காட்டினார்.

வாங்கும் ஒவ்வொருவரிடமும் “யார் சொன்னாங்க?” என்று கேட்டுக் குறித்துவையுங்கள். முதல் 30 பேர் மூலம் 18 பேர், அவர்கள் மூலம் 11 பேர் என்று தேய்ந்தால் அது தானாக ஓடாது. விளம்பரம் நின்றதும் படுத்துவிடும். விளம்பரம் பார்த்து வந்தவர்களை இந்தக் கணக்கில் சேர்த்தால் எண் பொய் சொல்லும்.

மூன்று சுவைகளில் எது தேறும் என்று பார்க்கும் காலத்தில் ‘அதிகம் விற்பது’ பலகையைத் தொங்கவிடாதீர்கள். 2006இல் வெளியான ஓர் ஆய்வில் 14,000க்கும் மேற்பட்டோர் பதிவிறக்க எண்ணிக்கை காட்டப்பட்ட எட்டுத் தனிக் குழுக்களாகவும், அது காட்டப்படாத இன்னொரு குழுவாகவும் பிரிந்து, அதே 48 பாடல்களைக் கேட்டார்கள். பதிவிறக்க எண்ணிக்கை கண்ணில் பட்ட குழுக்களில் குழுவுக்குக் குழு வெவ்வேறு பாட்டு முன்னேறியது. மட்டமான பாட்டு ஜெயிப்பது அரிதுதான். நடுத்தரமானவற்றுக்கு எதுவும் நடக்கலாம். சுவையை முடிவு செய்த பிறகு பலகையைத் தாராளமாக மாட்டிக்கொள்ளலாம்.