அழுத்தம் ஏறினால் மருந்து பலித்ததாகிவிடாது: ரத்த இழப்பு அதிர்ச்சிச் சோதனைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்த இழப்பு அதிர்ச்சி என்பது ரத்தம் குறைந்து உறுப்புகளுக்குப் போதிய ஓட்டம் கிடைக்காத நிலை. வாசோப்ரெசின், ஸ்டீராய்டு, ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோன்கள் அதற்கு உதவுமா என்று விலங்குகளில் சோதிக்கிறார்கள். ரத்தம் இழந்து அதிர்ச்சிக்குள்ளான விலங்குக்கு, ரத்தக் குழாய்களைச் சுருக்கும் வாசோப்ரெசினைச் செலுத்தினால் ரத்த அழுத்தம் ஏறும். அதை மட்டும் பார்த்து முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. குழாய்கள் சுருங்குவதால் அழுத்தம் கூடும்போதே குடலுக்குப் போகும் ரத்தம் குறையலாம். திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் லாக்டேட், ரத்தத்தில் அமிலம் மிகுந்ததைக் காட்டும் பேஸ் டெபிசிட் இரண்டையும் மருந்துக்கு முன்னும் பின்னும் அளந்தால்தான் திசுக்களின் நிலை தெரியும்.

ரத்தம் எடுக்கும் முறையிலும் கோட்டை விடுவார்கள். எலிக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 64 மி.லி. ரத்தம் உண்டு. 300 கிராம் எலியிடம் 40 சதவீதம் என்றால் ஏறக்குறைய 7.7 மி.லி. எல்லா எலிக்கும் ஒரே 7 மி.லி. எடுத்தால் சிறிய எலிக்கு அதிர்ச்சி கடுமையாகும். தேவையான அளவு ரத்தம் எடுத்துச் சராசரி அழுத்தத்தை 40 மி.மீ. பாதரச அளவில் நிறுத்தும் முறையில் எடை பிரச்சினையில்லை. ஆனால் எவ்வளவு எடுத்தோம் என்பதை எழுதியே ஆக வேண்டும். ரத்தம் எடுக்கும் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க விடும் ஹெப்பாரின் விலங்கின் உடலுக்குள்ளும் போய் நுண்குழாய் ஓட்டத்தைச் சீராக்கும். பிறகு அந்தப் புகழ் மருந்துக்குப் போய்விடும்! உடல் குளிர்ந்தாலும் அப்படித்தான்; 37 டிகிரி செல்சியஸில் வைத்திருங்கள்.

மயக்கமருந்தில் கவனம் அதிகம் வேண்டும். ஐசோஃப்ளூரேன் அழுத்தத்தை இறக்கும்; கீட்டமைன் தாங்கிப் பிடிக்கும். ஸ்டீராய்டு சோதனைக்கு எட்டோமிடேட் என்ற மயக்கமருந்து ஆகவே ஆகாது. ஒரே ஊசி போதும், அட்ரீனல் சுரப்பியின் ஸ்டீராய்டு உற்பத்தி மணிக்கணக்கில் முடங்கும்.

ஈஸ்ட்ரோஜன் சோதனை என்றால் சிக்கல் இன்னும் கூடுகிறது. பெண் எலியின் 4-5 நாள் சுழற்சியில் புரோஎஸ்ட்ரஸ் கட்டத்தில் ஈஸ்ட்ரோஜன் இயல்பாகவே உச்சத்தில் இருக்கும். அந்த எலிகள் அதிர்ச்சியை நன்றாகவே தாங்குகின்றன. சுழற்சியின் கட்டத்தைக் காட்டும் யோனிப் பூச்சை (யோனியிலிருந்து எடுக்கும் செல் மாதிரியை) பார்க்காமல் குழு பிரித்தால் முடிவு குழம்பும். சோயா கலந்த தீவனத்திலும் ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள்கள் உண்டு. ஈஸ்ட்ரோஜன் வகையான எஸ்ட்ராடையால் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. எனவே சைக்ளோடெக்ஸ்ட்ரினோ எத்தனாலோ, எதில் கரைத்தீர்களோ அதே திரவம் அதே அளவில் ஒப்பீட்டுக் குழுவுக்கும் போக வேண்டும்.

இனத்தையும் பாருங்கள். எலியின் முக்கிய குளுக்கோகார்டிகாய்டு (உடல் நெருக்கடியில் அட்ரீனல் சுரக்கும் ஸ்டீராய்டு) மனிதரைப் போலக் கார்டிசோல் அல்ல, கார்டிகோஸ்டீரோன். அதன் அட்ரீனல், டிஹெச்ஈஏ என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைச் சுரப்பதும் மிகக் குறைவு. பன்றிக்கு இயல்பான வாசோப்ரெசினில், மனித வகையில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடத்தில் லைசின் இருக்கிறது. மனித வகையின் அளவை அப்படியே அதற்குப் பொருத்த முடியாது.

ரத்தம் எடுக்கும் முன்பே மருந்தைச் செலுத்துவது தடுப்புச் சோதனை. சிகிச்சைச் சோதனை அல்ல. விபத்தில் ரத்தம் இழந்தவருக்கு மருந்து கிடைப்பது எப்போதும் பிறகுதான்.