டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ முதல் தடவை பாக்குறீங்களா? இப்படி பாருங்க

21 ஸ்டேஜையும் (ஒரு நாள் ரேஸுக்கு பேரு ஸ்டேஜ்) முழுசா உக்காந்து பாக்கணும்னு அவசியமே இல்ல. அன்னைக்கு ஃபர்ஸ்ட் வந்தவரும் மஞ்ச ஜெர்சி போட்டவரும் வேற வேற ஆளா இருக்கலாம், ஏன்னா எல்லா நாள் டைமையும் கூட்டி யாருக்கு கம்மியோ அவருக்குத்தான் மஞ்ச, 1989ல கிரெக் லெமாண்ட் 3,000 கிலோமீட்டருக்கு மேல ஓட்டி வெறும் 8 செகண்ட்ல ஜெயிச்சாரு! அதனால யாரு முன்னாடினு பாக்காம டைம் கேப் எவ்ளோனு பாருங்க. ஃபிளாட் ஸ்டேஜ்னா கடைசி 10 கிலோமீட்டர் போதும் (அதுக்கு முன்னாடி தூங்கலாம், நான் தூங்கிருக்கேன்). மலை ஸ்டேஜ்ல கடைசி ஏத்தத்த மட்டும் விட்றாதீங்க, லீடரோட டீம் ஆளுங்க ஒவ்வொருத்தரா முன்னாடி வந்து அவருக்காக வேகமா ஓட்டிட்டு மூச்சு வாங்கி ஓரமா ஒதுங்குவாங்க, லீடர் தனியா மாட்டுனதும் எதிராளி சீட்ல இருந்து எந்திரிச்சு மிதிப்பாரு பாருங்க. பச்சை ஜெர்சி பாயிண்ட்ஸ் அதிகமா எடுத்தவருக்கு, சிவப்பு புள்ளி ஜெர்சி மலை ஏறுறதுல முன்னாடி இருக்குறவருக்கு, வெள்ளை இளசுகள்ல முன்னாடி இருக்குறவருக்கு.