டேங்க் கேமை ஐப்பசி மழைக்குள் இறக்குவது எப்படி

சிறு வயதில் டி.வி.யோடு இணைத்துக் கேசட் செருகி விளையாடிய வீடியோ கேம்களை, உறவும் நட்புமாக வட்டமாக உட்கார்ந்து பேசி விளையாடும் டேபிள்டாப் ஆர்.பி.ஜி.க்கு (ரோல் பிளேயிங் கேம்) கொண்டுவர நினைப்பவர்கள் பெரும்பாலும் உருவங்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மரியோவின் தொப்பியையும் காளானையும் பச்சைக் குழாயையும் அட்டையில் வரைந்து வைத்ததும் எல்லோர் முகத்திலும் பழைய நாள்கள் வந்துபோகும். அரை மணி நேரத்தில் அந்த உற்சாகம் தீர்ந்து, அடுத்து என்ன செய்வது என்று எவருக்கும் தோன்றாமல் போகும். கோடை விடுமுறை முழுவதும் நம்மைத் திரைமுன் கட்டிப்போட்டவை அந்த விளையாட்டுகளின் விதிகள். நம்மை நகம் கடிக்க வைத்த விதி எது என்று கண்டுபிடித்து, அதை நமக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தில் கொண்டுபோய் வைப்பதே இந்த வேலையில் முக்கியமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டேபிள்டாப் ஆர்.பி.ஜி. பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த வகைக்கு வழிவகுத்தது. கேம் மாஸ்டர் என்ற ஒருவர் நிலைமையைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். முடிவு உறுதியில்லாத இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும்.

எல்லா விளையாட்டும் இதற்கு ஒத்துவராது. 1991-இல் வந்த ரோட் ராஷ் எனக்கு மிகவும் பிடித்த பைக் பந்தய விளையாட்டு. ஆனால் அதன் சுகம் முழுவதும் கைவேகத்தில் இருக்கிறது, வாயால் சொல்லி விளையாடும் இடத்தில் அந்த வேகத்துக்கு வேலையில்லை. 1989-இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா அப்படியே பொருந்தும்: அதில் எத்தனை முறை இறந்தாலும் அந்தக் கட்டத்தை மறுபடி தொடங்கலாம், ஆனால் 60 நிமிடக் கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டைக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கடைசிப் பேருந்துக்குள் வெளியே வர வேண்டும் என்று வைத்து, நிஜமான கடிகாரம் ஒன்றை நடுவில் வைத்துவிட்டால் போதும். சூப்பர் மரியோவில் முதல் உலகத்தின் இரண்டாம் கட்டத்தின் மேற்கூரைமேல் ஓடிப்போனால் நேராக நான்காவது உலகம் வரை தாவலாம் என்பதும், கான்ட்ராவில் பொத்தான்களை ஒரு வரிசையில் அழுத்தினால் 30 உயிர் கிடைக்கும் என்பதும் நமக்கு யாரோ சொல்லித் தெரிந்தவை. அந்த வாய்வழிச் செய்தியைக் கொண்டுவர, ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டைக் கொடுத்து, அதில் மெய்யோ பொய்யோ ஒரு வதந்தியை எழுதி வைக்கலாம்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது பேட்டில் சிட்டியை, அதாவது நாம் எல்லோரும் டேங்க் கேம் என்று சொன்னதை. நாம்கோ நிறுவனம் 1985-இல் வெளியிட்ட இந்த விளையாட்டில், திரையின் அடியில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகுச் சின்னம் இருக்கும். மேலே மூன்று இடங்களிலிருந்து ஒரு கட்டத்துக்கு 20 எதிரி டேங்குகள் இறங்கும். இருவர் சேர்ந்து அந்தக் கழுகைக் காக்க வேண்டும். இதன் விதிகளில் இரண்டு மிக ஆழமானவை. ஒன்று, நம் குண்டே கழுகின் மேல் பட்டாலும் ஆட்டம் முடிந்தது. மற்றொன்று, கூட விளையாடுபவர் மேல் நம் குண்டு பட்டால் அவர் சிறிது நேரம் அசைய முடியாமல் உறைந்து நிற்பார். கூட்டாளிகளுக்குள் அன்று நடந்த சண்டைகளில் பாதி இந்த இரண்டு விதிகளால் வந்தவை.

கழுகின் இடத்தில் என்ன வைப்பது? டெல்டாவில் வளர்ந்தவருக்கு இதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஐப்பசி மாதம், அறுத்த குறுவை நெல் களத்தில் குவிந்து, தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது, அடைமழை பிடித்துக்கொண்டது, மேற்கே ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு வருகிறது. அந்த நெல் குவியல்தான் கழுகு. எதிரி டேங்குகளின் இடத்தில் மூன்று வாய்க்கால்களின் வழியாகப் பாய்ந்து வரும் வெள்ளம். செங்கல் சுவருக்குப் பதில் மண்கரை, அது உடையும். இரும்புச் சுவருக்குப் பதில் சிமென்ட் மதகு, அது உடையாது. மறைத்துக்கொள்ளும் காட்டுக்குப் பதில் மூங்கில் கொத்து, அதற்குள் புகுந்த தண்ணீர் எங்கே தலைகாட்டும் என்று கேம் மாஸ்டருக்கு மட்டுமே தெரியும்.

பேட்டில் சிட்டியின் திரை 13-க்கு 13 கட்டம். வீட்டில் கோலம் போடத் தெரிந்த ஒருவரிடம் 13 புள்ளி 13 வரிசை வைத்துத் தரச் சொன்னால், திண்ணையிலோ கூடத்துத் தரையிலோ இரண்டு நிமிடத்தில் பலகை தயார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கட்டம். மேற்கு ஓரத்தில் மூன்று வாய்க்கால் வாய்களைக் குறித்து, கிழக்கு ஓரத்தின் நடுவில் களத்தை வைத்து, அதைச் சுற்றி மண்கரையும் இடையில் ஐந்தாறு மதகுகளும் மூங்கில் கொத்துகளும் வரைய வேண்டும். தண்ணீருக்குச் சோழி, ஆட்களுக்குப் புளியங்கொட்டை போதும். தெற்குப் பக்கம் கொஞ்சம் இடத்தைக் கட்டாயம் பக்கத்து ஊர்க்காரர்களின் சம்பா வயலாகக் குறித்து வையுங்கள். அதன் பயன் பின்னால் தெரியும்.

பகடைக்கு இருபது முகக் கட்டையைத் தேடி அலைய வேண்டாம். கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரக் கடைகளில் கிடைக்கும் தாயக்கட்டை ஒரு ஜோடி இதற்கு இன்னும் பொருத்தமானது. ஒவ்வொரு கட்டையிலும் நான்கு முகம்: வெறுமை, 1, 2, 3. இரண்டையும் உருட்டினால் 16 வகையாக விழலாம். அவற்றில் தாயம் (ஒன்று), ஐந்து, ஆறு, பன்னிரண்டு (இரண்டும் வெறுமை) ஆகிய நான்கும் சேர்ந்து 6 முறை, இரண்டும் நான்கும் சேர்ந்து 6 முறை, மூன்று மட்டும் 4 முறை. ஆகவே விதி எளிது. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் நினைத்தது முழுதாக நடக்கும். அதோடு, தாயத்தில் மறு ஆட்டம் கிடைப்பதுபோல ஓர் ஆட்டம் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் அதைத் தானே வைத்துக்கொள்ளாமல் வேறொருவருக்குக் கொடுக்க வேண்டும். இரண்டோ நான்கோ விழுந்தால் காரியம் நடக்கும், கூடவே ஓர் இழப்பும் வரும்: மணல் மூட்டை தீரலாம், பக்கத்துக் கரையில் ஒரு கட்டம் சரியலாம், கால் சேற்றில் புதைந்து ஒரு சுற்று நிற்க நேரலாம். மூன்று விழுந்தால் தோல்வி. தண்ணீர் ஒரு கட்டம் முன்னேறும். மிகக் கடினமான காரியத்துக்கு இரண்டு விழுவதையும் தோல்வியில் சேர்த்துக்கொள்ளலாம். கட்டைகளை உள்ளங்கைகளுக்கு நடுவே உரசி, ஓசை கேட்கும்படி தரையில் உருள விட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், வேண்டிய எண்ணை வழுக்கி விழவைக்கும் கை அவர்களில் ஒருவருக்காவது இருக்கும்.

வெள்ளத்தை 20 சீட்டுகளாக எழுதி அடுக்குங்கள். ஒரே நேரத்தில் பலகையில் நான்கு சோழிக்கு மேல் இருக்கக் கூடாது. கேம் மாஸ்டர் ஒவ்வொரு சோழிக்கும் ஒற்றைக் கட்டையை உருட்டுவார்: 1, 2, 3 விழுந்தால் அத்தனை கட்டம் கிழக்கே நகரும், கரை தடுத்தால் அங்கேயே தேங்கும், வெறுமை விழுந்தால் முன்னே இருக்கும் மண்கரையில் ஒரு கட்டம் உடையும். பேட்டில் சிட்டியில் எதிரி இறங்கும் இடத்தில் முன்கூட்டியே ஒரு நட்சத்திரம் மினுக்கும். அதை விட்டுவிடாதீர்கள். வீடியோ கேமில் தோற்றால் மறுபடி தொடங்கிப் பழகிக்கொள்ளலாம். இங்கே மறுபடி கிடையாது என்பதால், வரப்போகும் ஆபத்தை ஒரு சுற்றுக்கு முன்பே காட்டுவதுதான் நியாயம். தண்ணீர் வரப்போகும் வாய்க்கால் வாயில் ஒரு தீக்குச்சியை வைத்துவிட்டு, "இங்கே நுரை தள்ளுகிறது" என்று மட்டும் சொல்லுங்கள். பழைய விளையாட்டில் 4, 11, 18-ஆவது டேங்குகள் மின்னிக்கொண்டு வரும், அவற்றைச் சுட்டால் பரிசு கிடைக்கும். இங்கும் அதே எண்ணுள்ள சீட்டுகளில் பரிசை எழுதுங்கள். அங்கே மண்வெட்டி கிடைத்தால் கழுகைச் சுற்றிய சுவர் கொஞ்ச நேரம் இரும்பாகும். இங்கும் மண்வெட்டி மண்வெட்டியாகவே இருக்கட்டும், மூன்று சுற்றுக்குக் களத்துக் கரை உடையாது. கடிகாரம் கிடைத்தால் மழை ஒரு சுற்று ஓயும். எல்லாவற்றையும் ஒரே வீச்சில் அழிக்கும் வெடிகுண்டை நான் சேர்ப்பதில்லை. மழைக்கு முன்னால் மனிதருக்கு அத்தனை பலம் இருப்பதாகக் காட்டினால் கதை நம்பும்படி இருக்காது.

மூன்று உயிர் என்பதை எப்படி மாற்றுவது என்பதில்தான் விளையாட்டு கதையாகிறது. ஒவ்வொரு ஆட்டக்காரரும் ஒரு வீடு. அந்த வீட்டில் மூன்று பேர். முதலில் அப்பா இறங்குகிறார் என்றால், அவர் தண்ணீரில் அடிபட்டுக் கரையேறியதும் அண்ணன் இறங்குவான், அவனுக்குப் பிறகு பள்ளிக்கூடம் போகும் தங்கை. யாரும் சாக வேண்டியதில்லை, ஓய்ந்து போனால் போதும். அடுத்து இறங்குபவர், தன் வீட்டு வாசலிலிருந்து பலகைக்குள் வரக் கட்டை உருட்ட வேண்டும். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்ற மரபை அப்படியே வைத்தால் எட்டில் ஒரு வாய்ப்புதான், காத்திருந்தே பொழுது போய்விடும். ஆகவே ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்கும் இறங்கலாம் என்று தளர்த்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைத்திறனை எழுதி வையுங்கள்: மடை திறந்து அடைக்கத் தெரிந்தவர்கள், டிராக்டர் வைத்திருப்பவர்கள், சவுக்குக் கட்டை அடித்துக் கரை கட்டிப் பழகியவர்கள். அந்தத் திறனுக்குள் அடங்கும் காரியத்தில் ஒரே ஒருமுறை, விழுந்த மூன்றை நான்காக மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது அந்த இரண்டு ஆழமான விதிகளுக்கு வருவோம். எந்த ஆட்டக்காரரும், எப்போது வேண்டுமானாலும், கட்டையே உருட்டாமல், கரையை வெட்டலாம். வெட்டினால் அந்த வரிசையில் தேங்கிய சோழிகள் எல்லாம் நீங்கும். ஆனால் தண்ணீர் வெட்டிய திசையில் நேர்கோட்டில் ஓடி, மதகோ மூங்கிலோ தடுக்கும்வரை நிற்காது. வழியில் கூட்டாளி இருந்தால் அவர் ஒரு சுற்று அசைய முடியாது. களம் இருந்தால் ஆட்டம் முடிந்தது. பக்கத்து ஊர் வயல் இருந்தால் விதிப்படி ஒன்றும் ஆகாது. ஆனால் பேச்சு அங்கேதான் தொடங்கும். ஒருமுறை நான் நடத்திய ஆட்டத்தில் களத்துக்கு இரண்டு கட்டம் முன்னால் மூன்று சோழிகள் ஒரே வரிசையில் தேங்கி நின்றன.

"அக்கா, தெற்கே வெட்டிட்டா நம்ம குவியல் தப்பிச்சிடும்."

"தெற்கே யாரு வயல் இருக்குன்னு பாத்தியாடா? நட்டு ஒரு மாசம்கூட ஆகல."

அதற்குப் பிறகு கால் மணி நேரம் எவரும் கட்டையைத் தொடவில்லை. திரையில் கண்மூடித்தனமாகச் சுட்ட ஒரு குண்டின் இடத்தில், வெள்ளக்காலம் தோறும் கரையோர ஊர்களுக்குத் தெரிந்த ஒரு கேள்வி வந்து நின்றது. கேம் மாஸ்டராக இருப்பவர் இந்த நேரத்தில் அவசரப்படுத்தக் கூடாது, யார் பக்கமும் பேசவும் கூடாது. தெற்குக் கரையில் லாந்தரோடு ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் சொல்லலாம்.

அந்தக் கால வீடியோ கேமில் மின்சாரம் போனால் எல்லாம் முதலிலிருந்துதான், பாதியில் சேமித்து வைக்க வழியில்லை. ஆகவே இதையும் ஒரே அமர்வில் முடியும்படி வையுங்கள். மூன்று நான்கு பேர் என்றால் ஒரு மாலைப்பொழுது போதும். இருபது சீட்டும் தீர்ந்து நெல் தப்பினாலும் சரி, நனைந்தாலும் சரி, விடிந்ததும் தெற்கு ஊரிலிருந்து யார் வருகிறார்கள், வந்து என்ன கேட்கிறார்கள் என்று ஒரு சுற்று பேசிவிட்டு முடிக்க வேண்டும்.

அடுத்த ஆட்டத்துக்கு வேறு ஊர் வேண்டுமானால், பேட்டில் சிட்டியிலேயே அதற்கும் வழி இருக்கிறது. அதன் தொடக்கத் திரையில், சுவர்களை நம் விருப்பம்போல் அடுக்கிக்கொள்ளும் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற பகுதி உண்டு. இந்த முறை வெண்ணாறோ அரசலாறோ கொள்ளிடமோ, தன் ஊர் எந்தத் தண்ணீரில் இருக்கிறதோ அந்த ஊரின் மடையையும் வரப்பையும் ஆட்டக்காரர்களில் ஒருவர் புள்ளிகளின் மேல் தானே வரையட்டும். வரைந்தவரே அன்று கேம் மாஸ்டராகவும் இருக்கட்டும்.