பஞ்சமி நிலமா என்று கண்டுபிடிப்பது எப்படி?

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. "தாத்தாவுக்கு வந்த பஞ்சமி நிலம், இப்ப வேற யாரோ பேர்ல இருக்கு" என்று வருகிறவர்கள் இன்றைய சிட்டாவோடுதான் வருவார்கள். அதில் நமக்கு வேண்டியது இருக்காது.

மிராசுதாரர் கையிலேயே நிலத்தை விட்டுவைத்த வெள்ளைக்காரன் வரிமுறையில் பறையர்களுக்குக் குடியிருந்த மனையே நிச்சயமில்லை. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்கீர் இதை அறிக்கையாகக் கொடுக்க, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்கச் சொல்லி 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை வந்தது. அப்படிக் கொடுத்ததுதான் பஞ்சமி நிலம். 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்வார்கள். முதல் 10 வருடம் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அப்புறமும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம். மீறினால் அரசு நஷ்டஈடில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வழக்கின் உயிர் இந்த நிபந்தனைதான்.

இப்போதைய புல எண்ணை வைத்து, ஊரின் நிலங்களையெல்லாம் எண் வாரியாக எழுதிய 'அ' பதிவேட்டை எடுங்கள். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். வேலையில் பல ஊர்களில் எண் மாறியது, பஞ்சமி என்ற குறிப்பும் காணாமல் போனது. அதனால் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள ஒப்பீட்டுப் பட்டியலைக் கேளுங்கள். பழைய எண் கிடைத்ததும் யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேடு, அதற்கும் முந்தைய செட்டில்மென்ட் பதிவேடு. அவற்றின் கடைசியில் உள்ள குறிப்புக் கலத்தில், பொடி எழுத்தில் 'டி.சி.' (டிப்ரஸ்டு கிளாஸ், அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பு) என்றோ நிபந்தனை என்றோ இருக்கும். பேரைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

வாய்மொழியாகக் கேட்டால் "ரெக்கார்டு கிழிஞ்சுபோச்சு" என்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, ஒவ்வொரு பதிவேட்டின் பெயரையும் புல எண்ணையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் மேல்முறையீடு.

வில்லங்கச் சான்று போட்டு நிலம் யாருக்குக் கைமாறியது என்று பாருங்கள். வாங்கியவர் பட்டியல் சாதியினர் இல்லையென்றால் அந்தப் பத்திர நகலையும் சேருங்கள்.

நேராக நிலத்தில் இறங்கலாம் என்று பையன்கள் துடிப்பார்கள். 1994-ல் காரணை கிராமத்துப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தை ஒட்டி நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்துப்போனார்கள். காகிதம் முதலில் கைக்கு வரட்டும்.

மனுவில் "என் நிலத்தைத் தாருங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். நிபந்தனை மீறப்பட்டதால் பட்டாவை ரத்து செய்து, நிலத்தை அரசு மீட்டு, வாரிசான எங்களுக்கோ ஊரில் நிலமில்லாத பட்டியல் சாதியினருக்கோ ஒப்படைக்க வேண்டும் என்று எழுதுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து, மனு எண் உள்ள ரசீதை வாங்கிக்கொண்டுதான் வெளியே வரவேண்டும்.